இண்டியானா ஜோன்ஸ் ஒரு பழைய படத்தின் காப்பி என்கிறார்களே, உண்மையா? எந்தப் படம்?

ஹாரிசன் ஃபோர்ட் நடித்த அந்தத் தொல்லியல் சாகசக்காரருக்கு மூலம் ஒரே படம் என்று கைகாட்ட முடியாது. தொப்பியும் தோல் ஜாக்கெட்டும் ஒரு படத்திலிருந்து வந்தன, உருண்டு வரும் பாறை ஒரு காமிக்ஸிலிருந்து, லாரிக்கு அடியில் போகும் காட்சி 1939இல் வந்த குதிரைவண்டிச் சண்டையிலிருந்து. இதை யாரும் மறைக்கவும் இல்லை. பழைய சனிக்கிழமை சீரியல்களைப் போல ஒரு படம் எடுக்கத்தான் ஆசைப்பட்டேன் என்று, இந்தக் கதாபாத்திரத்தை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார். நான் சொல்ல நினைப்பது வேறு. இண்டியானா ஜோன்ஸுக்கு முன்னோடி யார் என்று தேடுகிறவர்கள் எல்லோரும் பழைய கதாநாயகர்களின் பெயர்களையே சொல்கிறார்கள். பழைய படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றியது, இந்தக் கதாபாத்திரத்தின் உண்மையான முன்னோடி கதாநாயகன் இல்லை, அவனுக்கு டூப் போட்டவர்.

முதலில் ‘சீரியல்’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மாலை நேர டிவி நெடுந்தொடர்தான் நினைவுக்கு வரும். இது தியேட்டருக்கென்றே எடுத்த தொடர்படம். அமெரிக்காவில் 1910களில் தொடங்கி 1956 வரை வந்தது. மொத்தம் 12 அல்லது 15 பாகங்கள், வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம். முதல் பாகம் மட்டும் கொஞ்சம் நீளம். சனிக்கிழமை மேட்னிக்குப் பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள். பாகம் முடியும்போது கதாநாயகன் இருக்கும் கார் பள்ளத்தில் பாயும், அல்லது அவன் கட்டுண்டு கிடக்கும் அறை வெடிக்கும். அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ என்ற சொல்லைப் பார்த்து எரிச்சலும் ஆசையுமாக வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லூகாஸ் பிறந்தது 1944, இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1946. சீரியல்களின் நல்ல காலம் முடிந்த பிறகு வளர்ந்தவர்கள். ஆனால் ஐம்பதுகளில் பழைய சீரியல்களை டிவியில் ஓட்டினார்கள், சில தியேட்டர்களில் மறுபடி போட்டார்கள். இருவரும் பார்த்தது அப்படித்தான். 1977 மே மாதம், ஸ்டார் வார்ஸ் வெளியாகும் நேரத்தில், லூகாஸ் ஹவாய்த் தீவுக்கு ஒதுங்கிப் போயிருந்தார். அங்கே வந்த ஸ்பீல்பெர்க் ஜேம்ஸ் பாண்ட் படம் எடுக்கத் தனக்கு ஆசை என்று சொல்ல, அதைவிட நல்ல யோசனை தன்னிடம் இருப்பதாக லூகாஸ் சொன்னார். அப்போது கதாபாத்திரத்தின் பெயர் இண்டியானா ஸ்மித். ‘இண்டியானா’ என்பது லூகாஸ் வளர்த்த நாயின் பெயர். ஸ்மித் ஜோன்ஸ் ஆனது பிறகு. 1978 ஜனவரியில் இவர்கள் இருவரும், திரைக்கதை எழுதிய லாரன்ஸ் காஸ்டனும் சில நாட்கள் உட்கார்ந்து பேசியதன் எழுத்து வடிவம் பின்னால் வெளியே வந்தது. கதாநாயகன் எங்கெங்கே மாட்டிக்கொள்ள வேண்டும், எப்படித் தப்ப வேண்டும் என்று பாகம் பாகமாகவே கணக்குப் போட்டிருப்பதை அதில் பார்க்கலாம்.

சரி, உடைக்கு வருவோம். 1954இல் ‘சீக்ரெட் ஆஃப் தி இன்காஸ்’ என்று ஒரு படம். பாரமவுண்ட் தயாரிப்பு, ஜெர்ரி ஹாப்பர் இயக்கம், சார்ல்டன் ஹெஸ்டன் கதாநாயகன். படத்தில் அவர் பெயர் ஹாரி ஸ்டீல். பெரு நாட்டின் கூஸ்கோ நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்துகொண்டு, இன்கா மன்னர்களின் தங்கச் சூரியத் தகட்டைத் தேடுகிறவர். பழுப்புத் தொப்பி, தோல் ஜாக்கெட், மழிக்காத தாடி. இந்தப் படத்தை இன்று போட்டுப் பார்த்தால் முதல் சில நிமிடத்திலேயே ‘அட!’ என்பீர்கள். மச்சு பிச்சுவுக்கே போய்ச் சில காட்சிகளை எடுத்திருக்கிறார்கள். புதையல் இருக்கும் இடத்தைச் சூரிய ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கும் காட்சியும் இருக்கிறது. முதல் இண்டியானா ஜோன்ஸ் படமான ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’கில் (1981) ஜோன்ஸ் வரைபட அறைக்குள் கோலை நட்டு, அதன் உச்சியிலிருக்கும் பதக்கம் வழியாகக் கதிர் விழ வைப்பாரே, அதற்கு இது அண்ணன். ‘ரைடர்ஸ்’ படத்துக்கு உடை வடிவமைத்த டெபோரா நாடூல்மன், படக்குழுவோடு சேர்ந்து இந்தப் படத்தைப் பலமுறை பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஹாரி ஸ்டீல் வேறு ஆள். பணத்துக்காக எதையும் செய்யத் தயங்காதவர், கடைசியில்தான் மனம் மாறுகிறார். அவரோடு 1948இல் ஜான் ஹூஸ்டன் எடுத்த ‘தி டிரெஷர் ஆஃப் தி சியேரா மாத்ரே’ படத்து ஹம்ஃப்ரி போகார்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுக்குத் தொப்பி, வியர்வை, தங்க ஆசையில் கெட்டுப்போகும் மனம். 1943இல் வந்த ‘சைனா’ படத்தில் ஆலன் லாட் அணிந்ததும் அதே தோல் ஜாக்கெட், அதே வகைத் தொப்பி. அந்தக் கதாபாத்திரத்தின் பெயரும் ஜோன்ஸ்தான்! பெயர்ப் பொருத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உடைப் பொருத்தம் கண்ணை உறுத்தும் அளவுக்கு இருக்கிறது. இத்தனை முன்மாதிரிகள் இருந்தும் நாடூல்மன் வெறுமனே பார்த்துத் தைக்கவில்லை. தொப்பியை லண்டனில் ஹெர்பர்ட் ஜான்சன் கடையில் தேர்ந்தெடுத்தார். புது ஜாக்கெட் புதிதாகத் தெரியக் கூடாது என்று ஹாரிசன் ஃபோர்டின் மடக்குக் கத்தியையே வாங்கிச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பழசாக்கினார். இந்த மெனக்கெடலைக் ‘காப்பி’ என்ற ஒரு சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

பாறை விஷயம் சுருக்கமாக. 1954இல் அங்கிள் ஸ்க்ரூஜ் காமிக்ஸில் கார்ல் பார்க்ஸ் எழுதி வரைந்த சீபோலா நகரங்களின் கதையில், பீடத்திலிருந்து சிலையை எடுத்ததும் பெரிய உருண்டைப் பாறை உருண்டு வந்து எல்லாவற்றையும் நாசமாக்கும். லூகாஸ் பார்க்ஸின் பெரிய ரசிகர். 1981இல் வந்த பார்க்ஸ் தொகுப்பு ஒன்றுக்கு மனமாரப் பாராட்டி எழுதியும் கொடுத்தார். படத்தில் அந்தப் பாறைக்கு முன்னால் பத்து முறை ஓடியது ஹாரிசன் ஃபோர்டே.

இப்போது நான் சொல்லவந்த ஆளிடம் வருகிறேன். யாகிமா கனட். 1895இல் பிறந்தவர், ரோடியோ என்கிற குதிரைச் சாகசப் போட்டிகளில் ஜெயித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். 1939இல் ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஓடுகிற குதிரைவண்டியைத் துரத்தும் காட்சி. துரத்துகிறவர்களில் ஒருவர் தன் குதிரையிலிருந்து வண்டியின் முன்குதிரை மேல் தாவுவார். சுடப்பட்டதும் குதிரைகளுக்கு நடுவே கீழே விழுந்து, ஏர்க்காலைப் பிடித்தபடி தரையில் இழுபட்டு, பிறகு பிடியை விடுவார். ஆறு குதிரைகளும் வண்டியும் அவருக்கு மேலே ஓடிப் போகும். அவர் கனட். அதே படத்தில் ஜான் வெய்னுக்காகக் குதிரை விட்டுக் குதிரை தாவியதும் அவர்தான். அதே ஆண்டு ரிபப்ளிக் நிறுவனத்தின் ‘சோரோஸ் ஃபைட்டிங் லீஜன்’ சீரியலில் இதை இன்னும் ஒரு படி நீட்டினார். வண்டிக்கு அடியில் போனவர் அப்படியே பின்பக்கத்தைப் பிடித்துத் தொற்றி ஏறி மறுபடி சண்டைக்கு வருவார்.

இந்தச் சீரியலில் 12 பாகங்கள். இணையத்தில் கிடைக்கிறது. போன வருடம் என் மகளோடு சேர்ந்து பார்த்தேன், வாரத்துக்கு ஒரு பாகம்தான் என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டோம். அவளுக்கு எட்டு வயது. மூன்றாவது வாரமே கோபம் வந்துவிட்டது. “போன வாரம் உள்ளேதானேப்பா இருந்தார்? இப்ப எப்படி முன்னாடியே குதிச்சுட்டார்?” என்று கேட்டாள். சரியான கேள்வி. போன பாகத்தில் காட்டாத ஒரு ஷாட்டை அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் நுழைத்து ஆளைக் காப்பாற்றிவிடுவது சீரியல்காரர்களின் பழைய பழக்கம். ஆனால் வண்டிக்கு அடியில் போகும் காட்சி வந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கே ஏமாற்று எதுவும் இல்லை, ஒரு மனிதர் உண்மையிலேயே அடியில் போய் வெளியே வருகிறார். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த வித்தியாசம் தெரிகிறது.

42 வருடம் கழித்து ‘ரைடர்ஸ்’ படத்தில் குதிரைகளுக்குப் பதில் லாரி. ஜோன்ஸ் லாரியின் முன்பக்கத்தில் தொங்கி, அடியில் நழுவிப் போய், சாட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் இழுபட்டு, மறுபடி ஏறி ஓட்டுநர் இருக்கைக்கு வருவார். அடியில் போனவர் டெர்ரி லியனார்ட் என்ற ஸ்டண்ட் கலைஞர். இவர் இதற்கு முன் ‘தி லெஜெண்ட் ஆஃப் தி லோன் ரேஞ்சர்’ படத்துக்காகக் கனட் செய்ததைக் குதிரைவண்டியில் செய்துபார்த்து, சக்கரம் காலில் ஏறி அடிபட்டவர். அதே வித்தையை மறுபடி செய்ய ஒப்புக்கொண்டார் என்பதை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது. லாரியைத் தன் நம்பிக்கைக்குரிய நண்பர் க்ளென் ராண்டல் ஓட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். துனீசியாவில் சாலையின் நடுவே பள்ளம் தோண்டி, லாரியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி கிடைக்கும்படி செய்தார்கள். லாரி மெதுவாகத்தான் போனது, கேமராவின் வேகத்தைக் குறைத்து எடுத்ததால் திரையில் வேகமாகத் தெரிகிறது. கனட் அப்போது உயிரோடுதான் இருந்தார், இறந்தது 1986இல்.

இன்னொரு ஒட்டும் உண்டு. 1959இல் ‘பென்ஹர்’ படத்தின் தேர்ப் பந்தயத்தை வடிவமைத்தது கனட். அதில் ஹெஸ்டனுக்கு டூப் போட்டது கனட்டின் மகன் ஜோ. அதாவது ஜோன்ஸின் தொப்பிக்கு முன்னோடியான நடிகருக்கும் ஜோன்ஸின் சண்டைக்கு முன்னோடியான குடும்பத்துக்கும் ஏற்கெனவே பழக்கம்.

அந்தச் சோரோ சீரியலை இயக்கிய வில்லியம் விட்னி, ஜான் இங்கிலிஷ் ஜோடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதுவரை சீரியல் சண்டை என்றால் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து உருளுவதுதான், கேமரா தூரத்தில் நிற்கும். நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி நடனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒத்திகை பார்ப்பதைப் பார்த்துவிட்டு, சண்டையையும் அப்படியே பிரித்து எடுக்கலாமே என்று விட்னிக்குத் தோன்றியது. இன்று நாம் பார்க்கும் ஸ்டண்ட் காட்சிகளின் இலக்கணத்தில் அந்த யோசனைக்குப் பெரிய பங்கு உண்டு. இவர்கள் எடுத்த ‘அட்வெஞ்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ (1941) சயாம் நாட்டில் தொல்லியல் குழு ஒரு தங்கத் தேளைக் கண்டெடுப்பதில் தொடங்கும். விட்னி தனியாக எடுத்த ‘பெரில்ஸ் ஆஃப் நயோகா’ (1942) சீரியலில் ஒரு பெண் பாலைவனத்தில் காணாமல் போன தன் பேராசிரியர் அப்பாவையும், நோய் தீர்க்கும் தங்க ஏடுகளையும் தேடுவாள். மூன்றாவது இண்டியானா ஜோன்ஸ் படத்தில் காணாமல் போன பேராசிரியர் அப்பா, நோய் தீர்க்கும் கிண்ணம்! ஒன்றைப் பார்த்து ஒன்றை எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காற்றிலேயே மிதந்துகொண்டிருந்த சங்கதிகள் இவை.

பழையதை எடுத்தால் அதன் விஷமும் கூடவே வரும், அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது படமான ‘டெம்பிள் ஆஃப் டூம்’ (1984) பெரிதும் கடன்பட்டிருப்பது 1939இல் வந்த ‘கங்கா தின்’ படத்துக்கு. கலிஃபோர்னிய மலைகளை இந்தியா என்று காட்டி எடுத்த படம் அது. காளி கோயில், கொலைவெறி பிடித்த தக்கிகள் என்ற வழிப்பறிக் கூட்டம், காப்பாற்ற வரும் வெள்ளைச் சிப்பாய்கள், கயிற்றுப் பாலம் எல்லாம் அதிலேயே உண்டு. 45 வருடம் கழித்தும் அதே காளி, அதே பார்வை, கூடவே குரங்கு மூளை விருந்து. இந்திய அரசு ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்காததால் இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். கயிற்றுப் பாலத்தை மகாவலி ஆற்றுப் பள்ளத்தாக்கில், அப்போது கட்டிக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்குப் பக்கத்தில் கட்டினார்கள், அணையைக் கட்டிய பொறியாளர்களின் உதவியோடு. படத்தில் இந்தியக் கிராமம் என்று வரும் இடத்தில் ஊர்மக்கள் பேசுவது சிங்களம், இலங்கை நண்பர்கள் கேட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பாலம் அறுகிற காட்சி சினிமாவில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. அந்த விருந்துக் காட்சியை மகளுக்குக் காட்டாமல் ஓட்டிவிட்டேன்.

அப்புறம், லூகாஸும் ஸ்பீல்பெர்க்கும் தாங்களாகவே சேர்த்தது என்ன என்றும் கேட்க வேண்டும். பழைய சீரியல் நாயகனுக்கு வலிக்காது. எத்தனை பேர் அடித்தாலும் தலைமுடி கலையாது, பல சீரியல்களில் தொப்பிகூடக் கழன்று விழாது. ஜோன்ஸுக்கு வலிக்கிறது. லாரிச் சண்டை முடிந்து கப்பலில் கிடக்கும்போது உடம்பில் தொட்ட இடமெல்லாம் நோகிறது என்கிறார். டூப் போட்டவர்கள் அத்தனை வருடம் திரைக்குப் பின்னால் பட்ட வலியை, முதல்முறையாகக் கதாநாயகனின் முகத்தில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டால், ‘ஸ்டேஜ்கோச்’ துரத்தல் காட்சியிலிருந்தே தொடங்குங்கள். வண்டி கனட்டைக் கடந்து போன பிறகும் அந்த ஷாட்டை உடனே வெட்டவில்லை. தூசிக்கு நடுவே அவர் புரண்டு எழப் பார்ப்பது தெரியும், கவனித்துப் பாருங்கள்.