ஒரு கால் மட்டும் வீங்கினால் காத்திருக்காதீர்கள்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 38. பாலர் பள்ளியில் வேலை. பூப்பெய்திய காலத்திலிருந்தே இடுப்புக்குக் கீழே பருமன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. உணவைக் குறைத்து 9 கிலோ இளைத்தும் கால்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அழுத்தினால் வலிக்கிறது, அடிபடாமலே நீலம் பாய்கிறது. இணையத்தில் படித்தபோது, கால்களில் கொழுப்பு சேரும் லிப்பிடீமா என்ற நோயாக இருக்குமோ என்று தோன்றியது. கும்பகோணத்தில் என் அப்பாயிக்கு யானைக்கால் இருந்தது. என் 13 வயது மகளின் கால்களும் இப்போது என்னுடையவைபோல் ஆகிவருகின்றன. சித்தப்பாவின் இதயத்துக்கு எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையை ஊரில் வாங்கிச் சாப்பிடுகிறேன். திருச்சியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாளிலிருந்து இடது கெண்டைக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மாமியார் தைலம் தேய்த்துவிடுகிறார்.
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, இந்தக் கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். கடிதத்துக்குக்கூடக் காத்திருந்திருக்கக் கூடாது. அது என் கைக்கு வந்த அன்று மாலையே ஆசிரியர் குழுவினரிடம் சொல்லி உங்களைத் தொலைபேசியில் அழைக்கச் செய்தேன். அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போனீர்கள், ஸ்கேனில் இரத்தக்கட்டி இல்லை என்று சொன்னார்கள் எனச் சேதி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது. இருந்தாலும் அந்தத் தைலத் தேய்ப்பை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. இதே தொடக்கம் வேறு விதமாக முடிந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கால்களும் பல ஆண்டுகளாக ஒன்றுபோலப் பருத்திருப்பது ஒரு விஷயம். சில நாள்களில் ஒரு கால் மட்டும் மற்றதைவிடப் பெருப்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டாவதில் நாங்கள் முதலில் சந்தேகிப்பது காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாவதை. உங்களுக்கு அதற்கான வழிகள் இரண்டு திறந்திருந்தன. ஒன்று, நான்கு மணி நேரத்துக்கும் மேல் விமான இருக்கையில் அசையாமல் இருந்தது. மற்றது, மாதவிடாயைச் சீராக்க இரண்டு ஆண்டுகளாக நீங்கள் சாப்பிட்டுவரும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. அதை நான்காம் பக்கத்தில், தலைமுடி உதிர்வதற்கும் நகம் உடைவதற்கும் நடுவே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வயதில் அந்த மாத்திரை தேவையா, ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு வழி உண்டா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

கட்டி இருக்கும் காலைத் தேய்க்கவே கூடாது. கட்டியின் ஒரு துண்டு பிய்ந்து இரத்த ஓட்டத்தோடு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. மாமியார் அன்பால்தான் செய்தார். அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகவோ சிவந்தோ இருந்தால், நடக்கும்போது உள்ளே இறுக்கிப் பிடிப்பதுபோல் வலித்தால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூடவே திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் இரத்தம் என ஏதாவது ஒன்று இருந்தால் டாக்சி தேடாதீர்கள், 995-ஐ அழையுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களைப் போன்ற கால்கள் உள்ள பெண்கள்தான் இந்த அறிகுறியைத் தவறவிடுகிறார்கள். வலியும் பருமனும் கனமும் தினமும் கூடவே இருப்பதால், புதிதாக ஒன்று வந்து சேரும்போது அதுவும் பழைய கணக்கில் போய்விடுகிறது. “எனக்கு எப்போதுமே கால் இப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்திவிடுகிறார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதால் போனது வீண் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். வீக்கம் குறையாமல் இருந்தாலோ கூடினாலோ மறுபடியும் போங்கள். முதல் ஸ்கேன் தொடைப்பகுதிச் சிரைகளை மட்டும் பார்த்திருந்தால், ஒரு வாரத்தில் இன்னொரு முறை எடுப்பது வழக்கம்.

இனி, எழுத்துக்கு எழுத்து உங்களை வாட்டும் அந்தப் பயத்துக்கு வருகிறேன். இது யானைக்கால் இல்லை. நிற்கும்போது உங்கள் பாதங்களைக் குனிந்து பாருங்கள். கணுக்கால்வரை பருத்து, அங்கே வளையல் மாட்டியதுபோல் சட்டென்று நின்று, அதற்குக் கீழே பாதம் மெலிந்து இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அனுப்பிய படத்திலும் அப்படித்தான் தெரிகிறது. யானைக்கால் பாதத்தை விட்டுவைக்காது. பெரும்பாலும் ஒரு காலில் தொடங்கும், இரண்டு காலும் வீங்கினாலும் ஒன்றுபோல் வீங்காது, இடையிடையே காய்ச்சலும் நெறிகட்டும் வரும். அது கொசுக்கடியால் பரவும் புழு செய்யும் வேலை. கும்பகோணம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் அது பரவலாக இருந்தது. உங்கள் அப்பாயியைக் கடித்தது அந்த ஊர்க் கொசு. அது இரத்தத்தோடு பேத்திக்கோ கொள்ளுப்பேத்திக்கோ வராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பெருவிரலுக்கு அடுத்த கால்விரலின் அடிப்பகுதியில், மேல்பக்கத் தோலை இரண்டு விரல்களால் கிள்ளித் தூக்குங்கள். மடிப்பு எழுகிறதா? எழுந்தால் நிணநீர் தேங்கிய வீக்கம் (யானைக்காலும் அந்த வகைதான்) இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. தோல் தடித்து, கிள்ளவே முடியாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு ஸ்டெம்மர் சோதனை என்று பெயர்.

லிப்பிடீமா என்ற உங்கள் ஊகம் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் நான் படத்தைப் பார்த்தும் கடிதத்தைப் படித்தும் முத்திரை குத்த மாட்டேன். மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. 1940-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீடே இருக்கிறது. அப்படியிருந்தும் இன்றுவரை எத்தனையோ பெண்கள் “வாயைக் கட்டுங்கள், நடங்கள்” என்ற ஒரே பதிலோடு மருத்துவரின் அறையிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறார்கள். உங்களுக்கும் அது நடந்திருக்கிறது. என் துறையின் சார்பில் அதற்காக வருந்துகிறேன்.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புத் திசுவே இதில் மாறிப்போகிறது. அது இரு பக்கமும் சமமாக, இடுப்பிலும் தொடையிலும் கெண்டையிலும், சிலருக்கு மேற்கையிலும் சேர்கிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் எளிதில் கசிவதால் நீலம் பாய்கிறது. திசுவில் அழற்சி இருப்பதால் அழுத்தினால் வலிக்கிறது. ஏறக்குறைய எப்போதும் பெண்களுக்கே வருகிறது. பூப்பு, கருத்தரிப்பு, மாதவிடாய் நிற்பது என ஹார்மோன் மாறும் மூன்று காலங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும் அல்லது கூடும். குடும்பத்தில் ஓடும். பட்டினி கிடந்தால் முகமும் மார்பும் வயிறும் வற்றும், கால் அசைந்து கொடுக்காது. உங்கள் 9 கிலோ எங்கே போயிற்று என்று இப்போது புரிகிறதா? அது நீங்கள் தோற்றதற்கு அடையாளம் இல்லை.

அந்த நீர் மாத்திரையை நிறுத்துங்கள். இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். காலில் இருப்பது கொழுப்பு. நீர் மாத்திரை கொழுப்பைக் கரைக்காது. சிறுநீரோடு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். இரவில் கெண்டை சுண்டி இழுக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையைத் தொடங்கிய மாதத்தையும் நீங்களே இரண்டாம் பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். சித்தப்பாவின் இதயத்துக்கு எழுதிக் கொடுத்த மருந்து உங்கள் காலுக்கு மருந்தாகாது. (இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். இது அவர்களுக்கான பேச்சு இல்லை.)

தோழி பரிந்துரைத்த மெலியவைக்கும் காப்பிப் பொடியையும் குப்பையில் போடுங்கள். இப்படி இணையத்தில் விற்கும் பொருள்களில் சிபுட்ரமின் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இலேயே இங்கு விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடையில் சிலந்தி வலை போன்ற நீல நரம்புகளால் கெடுதல் இல்லை. தோலுக்கடியில் பட்டாணி போலத் தட்டுப்படும் உருண்டைகள் இந்த நிலையில் இருக்கக்கூடியவைதான். புற்றுநோய் என்று இரவு இரண்டு மணிக்கு இணையத்தில் தேடிப் படித்ததை மறந்துவிடுங்கள். தைராய்டு அளவு ஒழுங்காக இருக்கிறது, அதைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டாம். நீலம் பாய்வதற்கு ஒரே ஒரு முறை இரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்த்துவிடலாம், அவ்வளவே.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது அழுத்தக் காலுறை. அது கொழுப்பைக் குறைக்காது, ஆனால் வலியையும் கனத்தையும் குறைக்கும். நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்கு மாலையில் வித்தியாசம் தெரியும். உங்கள் காலை அளந்து, தட்டைப் பின்னலில் செய்தது வேண்டும். இணையத்தில் வாங்கும் மெல்லிய வகை முழங்கால் மடிப்பில் சுருண்டு வெட்டும். நீரிழிவு உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் கால் தமனியின் ஓட்டத்தைச் சோதித்த பிறகே அணிய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இதை அணிவது கடினம் என்பது எனக்குத் தெரியும். காலையில் உடம்பு குளிர்ச்சியாக இருக்கும்போது மாட்டுங்கள், வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரம் முடியாவிட்டால் ஐந்து மணி நேரமாவது.

இரண்டாவது தண்ணீர். நெஞ்சளவு நீரில் நடந்தால், ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடுவதால் குளமே உங்களுக்குக் காலுறையாகிறது, மூட்டுக்கும் சுமையில்லை. நீச்சல் தெரிய வேண்டியதுகூட இல்லை. “இந்தக் காலோடு எப்படிக் குளத்துக்குப் போவது” என்று கேட்டிருக்கிறீர்கள். கணுக்கால்வரை மூடிய நீச்சலுடையில் எத்தனையோ பெண்கள் நம் பொது நீச்சல் குளங்களுக்கு வருகிறார்கள். அதையே நீங்களும் அணியலாம். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் போதும்.

கொழுப்பை உறைய வைக்கிறோம், உடைக்கிறோம் என்று அழகு நிலையங்கள் விற்கும் தொகுப்புகளில் பணத்தைப் போடாதீர்கள். பலமாகப் பிசைந்து உருவினால் இன்னும் நீலம்தான் பாயும். வலிக்காமல் மென்மையாகச் செய்யும் நிணநீர் வடிப்பு சிலருக்கு இதம் தருகிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற இயன்மருத்துவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள். கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சை வலியையும் பருமனையும் குறைக்கக்கூடியது. பலருக்கு அது பல முறை தேவைப்படும், அதன் பிறகும் காலுறையை விட முடியாமல் போகலாம். சில மாதங்கள் காலுறையும் நீர்ப்பயிற்சியும் செய்து பார்த்த பிறகே அதைப் பற்றி யோசியுங்கள். நிணநீர்க் குழாய்களைக் காயப்படுத்தாமல் செய்யும் அனுபவம் அந்த மருத்துவருக்கு உண்டா, லிப்பிடீமா நோயாளிகளுக்கே செய்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். அழகுக்காகச் செய்வதாகக் கருதப்பட்டால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க முடியாது, ஆகவே செலவை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் நிபுணரைப் பார்த்தால் மானியக் கட்டணம் கிடைக்கும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. உணவைக் குறைத்து இந்தக் கொழுப்பை விரட்ட முடியாது. ஆனால் மேலும் எடை ஏறினால் முழங்காலும் நிணநீர் ஓட்டமும் அந்தச் சுமையைத் தாங்காது. அப்போதுதான் பாதமும் வீங்கத் தொடங்கும், மேலே சொன்ன கிள்ளும் சோதனையும் மாறும். அதனால் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். இரண்டு கால்களும் புதிதாக வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றால், அது இதயமோ சிறுநீரகமோ என்று பார்க்க வேண்டிய வேறு கதை.

மகளுக்கு வருமா என்று கேட்டீர்கள். வரலாம். பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் உங்களுக்கு 38 வயதில் கிடைத்த பெயர் அவளுக்கு 13-இல் கிடைக்கிறது. அவளைப் பட்டினி போடாதீர்கள். இப்போதே நீச்சலில் சேருங்கள். கால் வலிக்கிறது என்று அவள் சொன்னால் நம்புங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தொடையைச் சுற்றி அளவுநாடா பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள்.

அந்த நாடா உங்களுக்குத்தான் வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, இரண்டு கெண்டைக்கால்களையும் காலையில் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியதும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டர் கூடியிருந்தால், அன்றே கிளம்புங்கள். அளவு அவ்வளவு கூடாமல் வலியும் சூடும் மட்டும் இருந்தாலும் அப்படியே.