'உனக்குதான் வலியே தெரியாதே, ஊசி எதுக்கு?'

கேள்வி: மேடம், நான் வீல்சேர்ல இருக்கேன். ஆக்சிடென்ட்ல முதுகுத்தண்டு அடிபட்டு டி4-க்கு, அதாவது நெஞ்சு மட்டத்துக்கு, கீழ உணர்ச்சி கிடையாது. இப்ப 7-ம் மாசம். பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல போடற எபிடியூரல் ஊசி பத்தி பேச்செடுத்தாலே வீட்ல 'உனக்குதான் வலியே தெரியாதே, ஊசி எதுக்கு'ன்னு கேக்கறாங்க. அவங்க சொல்றது சரியா?

பதில்: சரியில்லம்மா. உங்களுக்கு வலி தெரியாட்டியும் உடம்புக்குத் தெரியும். டி6-லயோ (உங்க டி4-க்குக் கொஞ்சம் கீழ) அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு, கர்ப்பப்பை சுருங்குறப்ப கீழ இருந்து போற சிக்னலுக்கு ரத்தக்குழாய் எல்லாம் இறுகி பிபி சட்டுனு எகிறும், மூளையால அதைக் கட்டுப்படுத்த முடியாது, ஏன்னா வழிதான் நடுவுல அறுந்திருக்கே. மண்டையைப் பொளக்குற தலைவலி, முகம் சிவந்து வேர்த்துக் கொட்டறது, மூக்கடைப்பு, இதெல்லாம் அதோட அறிகுறி. அப்படியே விட்டா ஃபிட்ஸ், மூளையில ரத்தக்கசிவு வரைக்கும் போகும். அந்த சிக்னலைத் தடுக்கத்தான் உங்களுக்கு எபிடியூரல், அதுவும் பிரசவ வலி ஆரம்பிச்ச உடனே போடறது நல்லது.

இதுல ஒரு சிக்கல். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு சாதாரணமாவே பிபியோட மேல் எண் 90, 100-னு கம்மியா இருக்கும், அதனால 135-ன்னு மிஷின் காட்டினா நர்ஸுக்கு அது நார்மலா தெரியும், ஆனா உங்களுக்கு அது அபாயம். உங்க வழக்கமான பிபி என்னன்னு ஃபைல் முன்பக்கத்துலயே பெருசா எழுதச் சொல்லுங்க. பிபி ஏறினா முதல்ல எழுந்து உக்கார வைக்கணும், யூரின் ட்யூப் மடங்கியிருக்கான்னு பாக்கணும், மூத்திரப்பை நிரம்பினாலே பிபியை ஏத்திவிட்ரும்.

இன்னொண்ணு, வலி ஆரம்பிச்சதே உங்களுக்குத் தெரியாம போகலாம். வயித்துல கை வச்சு விட்டு விட்டு இறுகுதான்னு பாத்துப் பழகுங்க, கால் இழுப்பு திடீர்னு கூடினாலும் கிளம்பிடுங்க. ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டுக்கறீங்கன்னா கடைசியா போட்ட நேரத்தைக் குறிச்சு வைங்க, வழக்கமான தடுப்பு டோஸா இருந்தா 12 மணி நேரமாவது போனப்புறம்தான் எபிடியூரல். மயக்க மருந்து டாக்டரை இப்பவே பாத்துடுங்க, லேபர் ரூம்ல முதல் தடவையா பாக்கற ஆளா அவர் இருக்கக் கூடாது.

கேள்வி: முதுகு வளைவுக்கு ஆபரேஷன் பண்ணி ராடு வச்சிருக்கேன். எனக்கு எபிடியூரல் முடியவே முடியாதா?

பதில்: யார் சொன்னாங்க அப்படி? ராடு எந்த எலும்பு வரைக்கும் இறங்கியிருக்குங்கறதுதான் விஷயம், கீழ ஒண்ணு ரெண்டு இடைவெளி மிச்சம் இருந்தா ஸ்கேன் வச்சுப் பாத்துப் போட முயற்சி பண்ணலாம். பழைய ஆபரேஷன் ரிப்போர்ட்டும் எக்ஸ்ரேயும் தேடி எடுங்க. மருந்து சீரா பரவாம ஒரு பக்கம் மட்டும் மரத்துப் போற சான்ஸ் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கிட்டு போங்க. முடியலன்னா மாஸ்க் வழியா இழுக்கற வலி குறைக்கிற கேஸ் (வாயு) இருக்கு, சில ஆஸ்பத்திரில பட்டன் அமுக்கினா ட்ரிப்ல வலி மருந்து இறங்குற வசதியும் இருக்கு. கேஸ் மாஸ்க்கை மட்டும் நீங்களேதான் பிடிக்கணும், மயக்கம் வந்தா கை தானா கீழ இறங்கிடும், பாசத்துல வீட்டுக்காரர் பிடிச்சு அமுக்கிக்கிட்டு நின்னா ஆபத்து. கையில பலம் கம்மின்னா வாயில கவ்வுற மாதிரி குழாய் இருக்கான்னு முன்கூட்டியே கேட்டு வைங்க.