"போதும்" என்று சொல்லத் தெரிந்தவருக்கான வேலை

வணக்கம் அக்கா.

உங்கள் மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தேன். இந்த ஜனவரிக் கடைசியில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் உங்கள் மகள், கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு ஃபிசிக்கல் எஜுகேஷன் எடுக்கப்போகிறேன் என்கிறாள். படித்து முடித்து, ஃபூட்டி எனும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்லில் ஏதாவது ஒரு கிளப்பின் ஃபிட்னஸ் பிரிவில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. டிசம்பரிலிருந்து வாரத்தில் இரண்டு மாலை பக்கத்து ஓவல் மைதானத்துக்குப் போய், உள்ளூர் ஃபூட்டி கிளப்பின் ப்ரீசீசன் பயிற்சியில் கோன் அடுக்குகிறாள், ஓட்ட நேரம் குறிக்கிறாள், கணுக்காலுக்கு டேப் சுற்றுகிறாள். "தண்ணி பாட்டில் தூக்குறதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரியை விட வேண்டாம். ஃபிசிக்கல் எஜுகேஷனையும் எடுக்கட்டும். ஓவலுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ஏன் என்று விளக்க, அவள் அங்கே பார்த்துக்கொண்டிருப்பது என்ன வேலை என்பதை முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுச் சண்டை பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

ஃபூட்டியை டிவியில் பார்த்திருப்பீர்கள். மெல்பனின் எம்சிஜி மைதானம் நீளவாக்கில் 160 மீட்டர் வரும். ஒரு பக்கம் 18 பேர். ஒரு குவார்ட்டர் 20 நிமிடம் என்று பேர், ஆனால் பந்து நிற்கும்போது கடிகாரமும் நிற்பதால் அரை மணி ஆகிவிடும். அப்படி நான்கு. நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அதுவும் ஒரே சீராக இல்லை. பாய்ந்து ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, எகிறி, கீழே விழுந்து, எழுந்து மறுபடி ஓட வேண்டும். மார்ச்சில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை இறுதி ஆட்டம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் இதே கதைதான்.

இதற்கு உடம்பைத் தயார் செய்யும் காலம்தான் ப்ரீசீசன். நவம்பரில் இளையவர்கள் முதலில் திரும்புவார்கள், மூத்தவர்கள் கொஞ்சம் கழித்து. வந்த கையோடு 2 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கும். நன்றாக ஓடுபவர்கள் ஆறு நிமிடத்தை ஒட்டி முடிப்பார்கள். விடுமுறையில் கொடுத்தனுப்பிய பயிற்சியை யார் செய்தார், யார் செய்யவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ் இடைவேளைக்குப் பிறகு ஜனவரியில் பயிற்சி இறுகும். பிப்ரவரியில் பயிற்சி ஆட்டங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால், வெயிலில் ஆட்களை வாட்டி எடுப்பது மாதிரிதான் தெரியும். ஒரு காலத்தில் அப்படியும் இருந்தது. மெல்பன் தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் போகும் டான் பாதை 3.8 கிலோமீட்டர், அதை யார் சீக்கிரம் சுற்றி வருகிறார் என்பதை வைத்தே ஒருவரின் உடற்தகுதியைப் பேசிய காலம் அது. இப்போது கேள்வி வேறு. இன்றைக்கு இவர் எவ்வளவு ஓடலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி. உங்கள் மகளின் கண்ணில் பட்டிருப்பது அதுதான்.

போன வருடம் இதே மாதம் ஒரு கிளப்பின் காலைப் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நடுவில் முப்பது பேருக்கு மேல் ஆட்டம் மாதிரியே மோதிக்கொண்டிருந்தார்கள். என் கண் ஓரத்தில் இருந்த ஒருவரிடமே போனது. எல்லைக் கோட்டை ஒட்டித் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, பனியனின் சின்னப் பையில், தீப்பெட்டி அளவில் ஏதோ புடைத்துக்கொண்டு தெரிந்தது. அது ஜிபிஎஸ் கருவி. எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எத்தனை தடவை வேகமெடுத்தார், எத்தனை தடவை பிரேக் போட்டார் என்று எல்லாம் அதில் பதிவாகும். பக்கத்தில் ஓர் இளம்பெண் டேப்லெட்டோடு நின்றாள். ஆறாவது ஓட்டம் முடிந்ததும் கையை உயர்த்தினாள். அவர் இன்னொன்று ஓடுகிறேன் என்று விரலைக் காட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவ்வளவுதான். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒற்றைத் தலையாட்டலுக்குத்தான் அக்கா, அந்தப் பெண்ணுக்குச் சம்பளம்.

அந்த ஒன்று கூடுதலாக ஓடினால் என்ன ஆகிவிடும்? இந்த ஆட்டத்தில் அடிக்கடி போவது ஹாம்ஸ்ட்ரிங், தொடையின் பின்பக்கத் தசை. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய காலுக்கு அந்தத் தசைதான் பிரேக் போடுகிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிற அந்தக் கணத்தில்தான் கிழிகிறது. அதனால்தான் மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சியை வாரந்தோறும் செய்ய வைக்கிறார்கள். அதனால்தான் வேக ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். டிம் கேபட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2016இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கடும் பயிற்சி உடம்பைக் கெடுப்பதில்லை, படிப்படியாக ஏற்றினால் அதுவே காப்பாற்றும், முந்தைய வாரங்களோடு ஒப்பிட்டுச் சுமை திடீரென்று எகிறுவதுதான் ஆபத்து என்றார். அவர் சொன்ன விகிதக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று பலர் பிற்பாடு எழுதினார்கள். அந்தச் சண்டையைப் புரிந்துகொள்ளவே புள்ளியியல் வேண்டும். ஆக, கணக்கிலிருந்து தப்பிக்க இந்தப் படிப்பு என்று மகள் நினைத்திருந்தால், அதை நீங்களே மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

எண்ணோடு வேலை முடிவதும் இல்லை. காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் எப்படித் தூங்கினேன், எங்கே வலிக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று பதிவு செய்வார்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு கருவியை அழுத்துவார்கள். நேற்றைவிட அழுத்தம் குறைந்திருந்தால் கவட்டைத் தசையில் ஏதோ சரியில்லை. அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வலியை மறைக்கிற இருபது வயதுப் பையன் இருப்பான். அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். கண்டுபிடித்தபின், கோச்சிடம் போய் "இவன் இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் துணிவும் வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் ஏஎஃப்எல்லில் குறைந்தது 12 நாள் ஆடக்கூடாது என்று விதியே இருக்கிறது, அங்கே வாதத்துக்கு இடமில்லை. ஆனால் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு அப்படி விதி கிடையாது. அங்கே துணைக்கு நிற்பது உங்கள் வார்த்தை மட்டும்தான்.

இந்த வார்த்தை எடுபடாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஏஎஃப்எல்லின் எசெண்டன் கிளப் சாட்சி. 2012 ப்ரீசீசனில் அங்கே ஒரு விளையாட்டு விஞ்ஞானியின் பொறுப்பில் ஆட்டக்காரர்களுக்கு ஊசிகள் போடப்பட்டன. கிளப் மருத்துவர் புரூஸ் ரீட் அந்த ஜனவரியிலேயே தன் கவலையைக் கடிதமாக எழுதினார். திட்டம் நிற்கவில்லை. யாருக்கு என்ன, எவ்வளவு போனது என்பதற்கு ஒழுங்கான பதிவும் இல்லை. 2016 ஜனவரியில் விளையாட்டுத் தகராறுகளுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அன்றைய ஆட்டக்காரர்களும் முன்னாள் ஆட்டக்காரர்களுமாக 34 பேருக்கு, தடைசெய்யப்பட்ட மருந்து பயன்படுத்தினார்கள் என்று தடை விதித்தது. அந்த வருட ஆட்டமே அவர்களுக்குப் போயிற்று. இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. உங்கள் மகளும் தெரிந்துகொண்டே வரட்டும்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். வேலை கிடைக்குமா?

ஏஎஃப்எல்லில் இருப்பது 18 கிளப். டாஸ்மேனியா சேர்ந்தாலும் 19. ஒவ்வொன்றிலும் இந்தப் பிரிவில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். ஒப்பந்தம் குறுகியது, தலைமைக் கோச் மாறினால் கூட இருந்தவர்களும் மாறுவது வழக்கம். அதிகாலை, சனி, ஞாயிறு, வெளிமாநிலப் பயணம் எல்லாம் உண்டு. கோவிட் வந்தபோது, கோச்சுகள், ஃபிட்னஸ் ஆட்கள் அடங்கிய ஆட்டப் பிரிவுக்கு ஒரு கிளப் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பை சுமார் 97 லட்சம் டாலரிலிருந்து 2021க்கு 62 லட்சமாக வெட்டினார்கள். நல்ல திறமைசாலிகள் பலர் வீட்டுக்குப் போனார்கள். ஆகவே, மகளின் வாழ்க்கைத் திட்டம் முழுவதையும் இந்த ஒரு கதவின்மேல் வைக்கச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அதே படிப்பு வேறு கதவுகளையும் திறக்கிறது. எக்ஸர்சைஸ் சயின்ஸ் மூன்று வருடப் பட்டம். டீக்கின், விக்டோரியா, லா ட்ரோப், ஏசியு என்று மெல்பனிலேயே பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. இந்தத் தொழிலுக்கான ஆஸ்திரேலிய அமைப்பான இஎஸ்எஸ்ஏவின் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். அதன்மேல் எக்ஸர்சைஸ் ஃபிசியாலஜி முடித்தால், சர்க்கரை நோயாளிகள், இதய அறுவை முடிந்தவர்கள், வேலையில் அடிபட்டவர்கள், ஊனமுற்றோர் என்று மருத்துவமனையிலும் கிளினிக்கிலும் வேலை இருக்கிறது. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும், ஊனமுற்றோருக்கான அரசுத் திட்டமான என்டிஐஎஸ்ஸும் அங்கீகரிக்கும் தொழில் அது. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத குடும்பம் எத்தனை? அம்மாவையும் அப்பாவையும் பாதுகாப்பாக நடக்க வைக்கவும், எடை தூக்க வைக்கவும், தமிழ் பேசும் ஒருவர் நமக்கு எவ்வளவு தேவை என்று நினைத்துப் பாருங்கள்.

பிசியோதெரபி இன்னும் உறுதியான வழி. பதிவு பெற்ற மருத்துவத் தொழில், கிளப்புக்குள்ளும் இடம் உண்டு. ஆனால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசை எண்ணான ஏட்டார் உயரத்தில் வேண்டும், அறிவியல் பாடம் கையில் இருப்பது நல்லது. கெமிஸ்ட்ரியை விட வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகத்தான். பதினாறு வயதில் ஒரு கதவைச் சாத்திவிட்டால் பிறகு திறக்கப் பணமும் வருடமும் செலவாகும். ஃபிசிக்கல் எஜுகேஷன் என்றால் விளையாட்டு வகுப்பு என்று நினைக்காதீர்கள். விக்டோரியா மாநிலத்தின் பள்ளி இறுதிச் சான்றிதழான விசிஇயில் அது உடலின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அசைவின் இயக்கவியல் என்ன, பயிற்சித் திட்டம் எப்படிப் போடுவது என்று போகும் தேர்வுப் பாடம். பள்ளி திறந்த முதல் சில வாரங்களில் பாடம் மாற்றலாம், ஒருங்கிணைப்பாளரிடம் உடனே பேசுங்கள்.

இன்னொன்று, அவள் பெண் என்று தயங்கியிருக்கிறீர்கள். பெண்களுக்கான லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூ 2017இல் தொடங்கியது, 2022 முதல் 18 கிளப்புக்கும் பெண்கள் அணி இருக்கிறது. அவர்களுக்கு முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைப்புநார் கிழிவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். அதைக் குறைக்க லா ட்ரோப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ப்ரெப் டு ப்ளே என்ற பயிற்சித் திட்டத்தையே ஏஎஃப்எல் உருவாக்கியது. அவளை உள்ளூர் கிளப்பின் பெண்கள் அணிக்கு அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு எந்த நேர்காணலிலும் சொல்லக்கூடிய அனுபவம் அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பள்ளி திறப்பதற்குள் ஒரு காலை அவளைக் கூட்டிக்கொண்டு ஆமி பார்க் பக்கத்திலுள்ள காஷ்ஸ் பேடக்குக்குப் போங்கள். மெல்பன் கிளப் பயிற்சி எடுக்கும் இடம், பொதுப் பூங்காதான். எந்த நாள் பயிற்சி என்று கிளப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணியும் எடுத்துப் போங்கள், வெயில் சீக்கிரம் ஏறும். நடுவில் நடப்பதைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் தனியாக ஓடுபவர் ஒருவர் இருப்பார், பக்கத்தில் டேப்லெட்டோடு இன்னொருவர் நிற்பார். அவர் எப்போது கையை உயர்த்துவார் என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள்.