அக்பரின் கடிதங்கள் விலைக்கு வந்தால்: வாசகர் கேள்விகள்

கே: "அக்பர் பாதுஷா அனுப்பிய அசல் கடிதங்கள்" என்று ஒரு வியாபாரி பாரசீகப் புத்தகம் ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா? (கோவை)

ப: அசல் கடிதம் புத்தகமாகத் தைத்து வராது, இது நகல். அக்பருக்காக அவருடைய அரசவை அறிஞர் அபுல் ஃபஸல் எழுதியவற்றை, 1602இல் அவர் கொல்லப்பட்ட பிறகு, உறவினர் அப்துஸ் ஸமத் தொகுத்தார். முதல் பகுதியில்தான் ஈரானின் ஷா அப்பாஸ், உஸ்பெக் அரசர் அப்துல்லா கான் போன்றவர்களுக்குப் போன கடிதங்கள் இருக்கும். இருநூறு வருடத்துக்கு மேல் முன்ஷிகளுக்கு, அதாவது பாரசீகத்தில் கடிதம் எழுதும் எழுத்தர்களுக்கு, இது பாடநூலாக இருந்தது. ஊர் ஊராகப் பிரதி எடுத்தார்கள். ஆகவே "அரிது" என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிரதி எடுத்தவர் பெயர், ஊர், தேதி மூன்றும் இருந்தால் மதிப்பு கூடும். கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

கே: கடைசிப் பக்கத்தில் 1180 என்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டுப் பிரதியா? (மதுரை)

ப: அக்பர் பிறந்ததே 1542இல். எழுதும் முன் இதையாவது பார்த்திருக்கலாம். அது இஸ்லாமியக் கணக்கான ஹிஜ்ரி ஆண்டு. நூறு ஹிஜ்ரி வருடத்துக்கு நம் கணக்கில் 97 வருடம். அதோடு ஹிஜ்ரி தொடங்கிய 622ஐக் கூட்டுங்கள். சுமார் 1766 வரும்.

கே: என்னிடம் ஒரே ஒரு தாள். நடுவில் யானை வேட்டைப் படம், சுற்றிலும் எழுத்து. முகலாயர் காலம் என்றார்கள். இன்னும் சில தாள் தருவதாகச் சொல்கிறார்கள். (சென்னை)

ப: வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துதிக்கைக்கு அருகே ஒரு சொல்லின் பாதி பெயிண்டுக்குள் போய் மறைகிறது. படத்துக்கு இடம் விட்டு எழுதுகிறவர் சொல்லை நடுவில் அறுக்க மாட்டார். எழுத்து பழையது, அதன் மேல் தீட்டிய படம் புதியது.

இந்த வியாபாரம் எனக்கு வயிற்றெரிச்சல். கடிதத் தொகுப்புகளில் படம் கிடையாது. முழுப் புத்தகமாக நல்ல விலை போகாது. தாள் தாளாகப் பிய்த்து, யானையும் ராணியும் வரைந்தால் சுற்றுலாப் பயணிகள் வாங்குகிறார்கள். ஒரு கடிதம் பல தாளுக்கு ஓடும். தலைப்பு உள்ள தாள் ஒருவர் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டால், மிச்சம் யாருக்கு எழுதியது என்றே தெரியாது. "பிரதிகள்தான் நிறைய இருக்கின்றனவே" என்று சமாதானம் சொல்கிறார்கள். நிறைய இருப்பதால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிரதிக்குப் பிரதி சொற்கள் எங்கே மாறுகின்றன என்று பார்க்க முடிகிறது. ஒரு பிரதி எடுத்தவர் விட்ட வரி இன்னொரு பிரதியில் கிடைக்கிறது. உங்களைப் போன்றவர்கள் வாங்குவதை நிறுத்தினால் பிய்ப்பதும் நிற்கும். கையில் இருக்கும் தாளை வெயில் படாமல் வையுங்கள், படத்தைச் சுரண்டிப் பார்க்காதீர்கள்.

கே: எழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே கறுப்பாக இருக்கிறது. நல்ல அடையாளமா? (திருச்சி)

ப: இல்லை. நாணல் பேனாவை மையில் தோய்த்ததும் எழுத்து அடர்ந்து, போகப் போக வெளிறும். ஒரே சீரான கறுப்பு என்றால் பெரும்பாலும் கல்லச்சு, அதாவது கையெழுத்தைக் கல்லில் பதித்து அச்சிட்டது. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகமே இந்தத் தொகுப்பை அச்சிட்டிருக்கிறது. இங்கும் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். அச்சகத்தின் பெயர் இருக்கும், கிழிக்காமல் விட்டிருந்தால்.

கே: முதல் பக்க முத்திரை சுரண்டப்பட்டிருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்கலாமா? (சேலம்)

ப: விலையே பேசாதீர்கள். அது நூலக முத்திரையாக இருக்கலாம், புத்தகம் அங்கிருந்து திருடியதாக இருக்கலாம்.

கே: தாத்தாவின் பிரதியைச் சிங்கப்பூருக்கு எடுத்துப் போகலாமா? (தஞ்சாவூர்)

ப: முடியாது. 75 வருடம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ கூடாது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பாரசீகச் சுவடிகளும் உண்டு. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.