போதகர் பதில்கள்: ‘தேவன் நல்லவர்’ என்று சொல்ல நாவெழவில்லை

கேள்வி: போதகர் ஐயா அவர்களுக்குத் தோத்திரம். நாங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் மூத்த மகன் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான். அவன் ஈப்போவில் சிகிச்சையில் இருந்த மாதங்களில் சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் அவன் தலையில் கைவைத்து, “சுகம் கிடைத்துவிட்டது, விசுவாசத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள்” என்றார். நான் அப்படியே நம்பினேன். அந்த மாதம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டான். அடக்க ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர், “எங்கேயோ விசுவாசத்தில் குறை இருந்திருக்கிறது, அக்கா” என்று சொன்னார். என் மாமியாரோ, தோட்டத்து முனியாண்டியைக் கும்பிடாமல் விட்டதால் வந்த வினை என்கிறார். மகன் வாசித்த கீபோர்டு ஆராதனைக் கூடத்தில்தான் இருக்கிறது. தூசி படாமல் மூடிவைக்க நான் தைத்துக் கொடுத்த நீலத் துணியும் அதன்மேல் கிடக்கிறது. போன மாதம் சாட்சி நேரத்தில் ஒருவர், எஸ்.பி.எம். தேர்வில் தம் மகளுக்குத் தேவன் நல்ல தேர்ச்சி கொடுத்தார் என்று நன்றி சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தேர்வைக் கவனித்த தேவனுக்கு என் பிள்ளையைக் கவனிக்க முடியவில்லையா? ‘தேவன் நல்லவர்’ என்று எல்லாரும் சொல்லும்போது எனக்கு நாவெழவில்லை. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா, ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அந்த மூப்பர் சொன்னதைப் பற்றிப் பேச வேண்டும். அது உண்மையல்ல. விசுவாசம் போதுமானதாக இருந்தால் நோயாளி பிழைப்பார் என்பது வேதத்தின் போதனையாக இருந்தால், அப்போஸ்தலனாகிய பவுலையே நாம் விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்ல வேண்டியிருக்கும். தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் இறுதியில், துரோப்பீமுவை மிலேத்துவிலே வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக ஒரே வரியில் எழுதுகிறார். யாருடைய விசுவாசத்தையும் அவர் அங்கே குறை சொல்லவில்லை. கெத்செமனே தோட்டத்தில், பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்று ஆண்டவரே ஜெபித்தார். அந்தப் பாத்திரமும் நீங்கவில்லை. உங்கள் மகனுக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று அறிவித்த ஊழியர், தேவன் சொல்லாத ஒன்றை தேவனுடைய பெயரால் சொல்லியிருக்கிறார். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்பதே முறை. அவர் வராவிட்டாலும், அந்தச் சொல் பொய்த்ததற்கான பொறுப்பு உங்களுடையதல்ல.

உங்கள் மாமியாரும் அந்த மூப்பரும் வெவ்வேறு மதத்திலிருந்து பேசுகிறார்கள். ஆனால் இருவர் பேச்சின் அடியிலும் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. துன்பம் வந்தால் யாரோ ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அது. ஆண்டவரின் சீஷர்களும் பிறவிக் குருடனைப் பார்த்தவுடன், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்றுதான் கேட்டார்கள். “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று அவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்துபோன 18 பேர் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இதை மாமியாரிடம் வாதமாக எடுத்துவைக்க வேண்டாம், சகோதரி. அவரும் பேரனைப் பறிகொடுத்தவர். கையிலிருக்கும் ஒரே விளக்கத்தை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். சபை மூப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. யோபுவின் புத்தகம் அவர் கையிலிருக்கும் வேதாகமத்திலேயே இருக்கிறது.

அந்தப் புத்தகத்தை நம் சபைகளில் பெரும்பாலும் முதல் இரண்டு அதிகாரங்களும் கடைசி அதிகாரமுமாகவே பிரசங்கிக்கிறோம். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்ற வசனத்தை அடக்க வீட்டில் வாசிக்கிறோம். மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளை யோபு சபிப்பதை வாசிப்பதில்லை. அவனுடைய சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். பிறகு வாய் திறந்து, தேவன் நீதியுள்ளவர், ஆகையால் நீதான் பாவம் செய்திருக்க வேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். யோபுவோ தேவனையே வழக்குக்கு அழைத்தான். தன் நியாயத்தைக் கேட்கவில்லை என்று அவர்மேல் முறையிட்டான். முடிவில் தேவன் அந்தச் சிநேகிதர்களில் ஒருவனான எலிப்பாசிடம் சொல்வதைக் கவனியுங்கள்: “என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை.” தேவனுக்காக வாதாடியவர்கள்மேல் அவருக்குக் கோபம் மூண்டது, அவரோடு வழக்காடியவனை அவர் தம் தாசன் என்றார். துன்பப்படுகிறவர்மேல் பழிபோட்டுத் தம் நற்பெயரைக் காப்பாற்றும்படி தேவன் யாரையும் கேட்கவில்லை.

ஆகவே, சாட்சி நேரத்தில் நீங்கள் எழுந்து போனதில் எனக்கு அவிசுவாசம் தெரியவில்லை. நீங்கள் கேட்ட அதே கேள்வி அப்போஸ்தலருடைய நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் பதிலில்லாமல் கிடக்கிறது. ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான் என்று இரண்டாம் வசனம் சொல்கிறது. அதே அதிகாரத்தில் பேதுருவுக்குச் சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு வந்து கதவைத் தட்டியபோது, ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் கதவைத் திறந்து அவரைக் கண்டு பிரமித்தார்கள். ஆண்டவரின் சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியான யாக்கோபின் தாய் அந்தச் சாட்சியை எந்த மனநிலையில் கேட்டிருப்பாள் என்று வேதம் எழுதவில்லை. ஒருவனுக்குத் தூதன் ஏன் வந்தான், மற்றவனுக்கு ஏன் வரவில்லை என்பதையும் அந்த நூலை எழுதிய லூக்கா விளக்க முயலவில்லை. சிறு நன்மைகளுக்கு நன்றி சொல்வது தவறல்ல. ஆனால் தேர்வில் தேறியவளைத் தேவன் தனியாகத் தெரிந்துகொண்டார் என்ற தொனியில் சாட்சி சொல்லும்போது, பின்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு சபை நினைத்துப்பார்க்க வேண்டும். இதை உங்கள் போதகரிடம் நேராகச் சொல்லுங்கள், அல்லது இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுங்கள்.

“சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்ற ரோமர் 8:28ஐயும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் மகனுடைய மரணம் நல்லது என்று அந்த வசனம் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் சிருஷ்டி முழுவதும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது என்று பவுல் எழுதுகிறார். மரணத்தை அவர் வேறோரிடத்தில் கடைசிச் சத்துரு என்றே அழைக்கிறார். சத்துருவை நண்பன் என்று சொல்லும்படி தேவன் உங்களைக் கேட்கவில்லை.

அப்படியானால் எந்த அடிப்படையில் நான் இன்னும் தேவனை நல்லவர் என்று சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். உலகத்தில் நடப்பவற்றைக் கூட்டிக் கழித்து நான் அந்த முடிவுக்கு வரவில்லை. அப்படிக் கணக்குப் பார்த்தால் எந்தப் பக்கமும் சாயலாம். லாசருவின் கல்லறைக்கு முன்னால், அவனை எழுப்பப்போகிறேன் என்று அறிந்திருந்தும் அழுதவரிடத்திலும், “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று சிலுவையில் சத்தமிட்டவரிடத்திலும்தான் தேவனுடைய முகத்தை நான் பார்க்கிறேன். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. ஆண்டவர் தம் வேதனையைச் சொல்ல, புலம்புகிறவர்களின் பாட்டையே எடுத்துக்கொண்டார். உங்கள் ‘ஏன்’ என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் வரிசையில் தேவனுடைய குமாரனே நிற்கிறார் என்பதால்தான், அதை அவரிடமே கொண்டுபோகலாம் என்று உங்களுக்குத் துணிந்து சொல்கிறேன்.

விசுவாசத்தை இழந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். உரிமையுள்ள இடத்தில்தான் மனிதர் கோபித்துக்கொள்வார்கள். சபை ‘தேவன் நல்லவர்’ என்று சொல்லும்போது நீங்கள் சொல்ல வேண்டாம். வாயடைத்து நில்லுங்கள், மற்றவர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லட்டும். வீட்டில் 13ஆம் சங்கீதத்தையும் 88ஆம் சங்கீதத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் எந்த ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபமாகவே வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கீபோர்டை வேறு பிள்ளைகள் வாசிப்பது உங்களுக்கு இப்போது தாங்க முடியாததாக இருந்தால், சில காலம் வேறு ஆராதனை நேரத்துக்குப் போவதிலும் குற்றமில்லை.

கேள்வி: ஐயா, நான் பல்கலைக்கழக மாணவன். என் கொள்ளுத்தாத்தா தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வரவே இல்லை. சர்வவல்லமையும் நற்குணமும் உள்ள தேவன் இருந்தால் இப்படி நடக்க விட்டிருப்பாரா? மனிதனின் சுயாதீனமே தீமைக்குக் காரணம் என்ற பதில் எனக்குப் போதவில்லை.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அது முழுவதும் போதாது என்பது சரியே, ஆனால் அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு விடுங்கள். 1942–43ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையை ஜப்பானிய இராணுவம் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மடிந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கல்லும் இல்லை. இதைச் செய்தது மனிதர்களின் முடிவும் கட்டளையும்தான். மனிதருக்கு மெய்யான சுயாதீனம் இருந்தால், தீமையே இல்லாத உலகத்தைப் படைப்பது சர்வவல்லவருக்கும் இயலாததாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா 1970களில் வாதிட்டார். தீமை இருப்பதால் தேவன் இருப்பதே தர்க்கத்துக்கு முரண் என்ற வாதத்தை அது பெரிதும் பலவீனமாக்கியது. ஆனால் 1979இல் மற்றொரு அமெரிக்கத் தத்துவ அறிஞரான வில்லியம் ரோ வேறு விதமாகக் கேட்டார்: காட்டுத்தீயில் வெந்து, யாரும் பார்க்காமல் பல நாள் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியின் வேதனையால் என்ன நன்மை விளைந்தது? அங்கே யாருடைய சுயாதீனமும் இல்லை. மேலே கடிதம் எழுதிய தாயின் மகனுக்கு வந்த நோயும் அப்படித்தான். எந்தத் தத்துவமும் இதற்கு மனம் ஆறும்படி பதில் சொன்னதாக நான் கண்டதில்லை.

இந்தக் கேள்வி மேல்நாட்டிலிருந்து வந்தது என்றும் எண்ண வேண்டாம். ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி இவ்வுலகைப் படைத்தவன் ‘பண்பிலாளன்’ என்று புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் சொல்லிவிட்டார். தமிழ்க் கிறிஸ்தவன் அந்தப் பாட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எரேமியாவும் ஆபகூக்கும் அவ்வளவு கடுமையாகவே தேவனிடம் பேசியிருக்கிறார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எனக்கு ஒரு வசனம்தான் உண்டு. ஆபேல் கொலையுண்டபோது, “உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது” என்று தேவன் காயீனிடம் சொன்னார். கல்லில்லாத மரணங்களை அவர் கேட்டிருக்கிறார் என்றும், உயிர்த்தெழுதலில் அந்த வழக்குகள் விசாரிக்கப்படும் என்றும் நான் நம்புகிறேன். அது நிரூபணம் அல்ல. ஆனால் உயிர்த்தெழுதல் இல்லையென்றால், பெயரே பதியப்படாமல் மாண்ட அவர்களுக்கு இனி எந்த நீதிமன்றமும் கிடையாது என்பதையும் நீங்கள் எடைபோட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவரைப் பற்றி அவர்களுக்கு நினைவிருப்பதை இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி: ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் நடத்துகிறேன். எனக்கே சந்தேகங்கள் இருக்கும்போது நான் தொடரலாமா? திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்: இரண்டையும் செய்யலாம். உயிர்த்தெழுந்தவரைக் கலிலேயா மலையில் கண்டு பணிந்துகொண்டபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார்; உலகமெங்கும் போகும் கட்டளையை ஆண்டவர் அவர்களை நீக்கிவிட்டுக் கொடுக்கவில்லை. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று சொன்ன தகப்பனின் பிள்ளையை அவர் குணமாக்கினார். அன்னை தெரேசா 1997இல் மறைந்தார். தேவ சமுகத்தை உணராத இருளில் தாம் நெடுங்காலம் வாழ்ந்ததை அவர் எழுதிய கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோதுதான் உலகம் அறிந்தது. அவ்வளவு காலமும் அவர் தம் வேலையை விடவில்லை. ஆனால் உங்கள் சந்தேகங்களை ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். வகுப்பில் பிள்ளைகள் கடினமான கேள்வி கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். யோபுவின் கதையைச் சொல்லும்போது மூன்றாம் அதிகாரத்தையும் அவர்கள் வயதுக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுங்கள்.