கார் பூட்டில் (டிக்கியில்) கிடக்கும் ரேடியோவை டேஷ்போர்டுக்குக் கொண்டுவரலாமா?

பழைய டாக்சியிலும் லோரியிலும் கழற்றிய டூ-வே ரேடியோக்கள் (பேசவும் கேட்கவும் செய்பவை) பினாங்கில் மலிவாகக் கைமாறுகின்றன. அவற்றில் பல ரிமோட் மவுண்ட்: பாடி, அதாவது முக்கியப் பெட்டி, காரின் பின் பூட்டிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும், பட்டனும் டிஸ்ப்ளேயும் உள்ள ஹெட் மட்டும் டேஷ்போர்டில், நடுவில் நீளமான கேபிள். இரண்டையும் சேர்த்து ஒரே பெட்டியாக்குவது பற்றி வந்த கேள்விகள் இவை. பிறையில் ரேடியோ பழுது பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணே, ஹெட்டைக் கழற்றி பாடியில் மாட்டினால் போதாதா? (ஜெலுத்தோங்)

போதாது தம்பி. பல மாடல்களில் ஹெட்டின் முதுகில் ஒரு சின்ன போர்டும், பாடியின் முகத்தில் இன்னொன்றும் இருக்கும். நீளமான கேபிள் வழியே சிக்னலை ஒழுங்காகக் கொண்டுபோவதுதான் அவற்றின் வேலை. ஒரே பெட்டியாக்கும்போது அவை இரண்டும் வெளியே வரவேண்டும். அந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ரிப்பன் கேபிள் வரும். சில மாடல்களில் முகப்புச் சட்டமும் வேறு. ஆகவே செத்துப்போன டேஷ் மவுண்ட் (ஒரே பெட்டியாக டேஷ்போர்டில் மாட்டும்) செட் ஒன்றை, அதே மாடலில், 'ஸ்பேர்' என்று வாங்கிவிடுங்கள். ரிப்பன், சட்டம், ஸ்குரூ எல்லாம் அதிலேயே கிடைக்கும். தனித்தனியாகத் தேடி அலைந்தால் விலையும் கூடும், வாரமும் போகும்.

ரிப்பனை மாட்டுமுன் சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். ரிப்பனை இறுக்கிப் பிடிக்கும் லாக் உள்ள வகை என்றால் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதைத் தூக்கிவிட்டு, ரிப்பனை நேராக அடிவரை விட்டு, பிறகு நாக்கை அமுக்க வேண்டும். தூக்காமல் திணித்தால் செம்புக்கோடு உரிந்துவிடும். அப்புறம் மஞ்சள் விளக்கு மட்டும் எரியும், எழுத்து வராது.

மோட்டோரோலா ஜிஎம்300 செட்டை ஒரே பெட்டியாகச் சேர்த்துவிட்டேன். டிஸ்ப்ளே வருகிறது, சத்தம்தான் இல்லை. (புக்கிட் மெர்தாஜம்)

எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். ரிமோட்டில் ஓடியபோது வெளி ஸ்பீக்கர் போட்டிருப்பார்கள், உள் ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பை எடுத்திருப்பார்கள். பின்புறம் 16 பின் சாக்கெட் இருக்கிறதல்லவா? அதில் 15-ஐயும் 16-ஐயும் ஒரு சின்ன வயரால் இணையுங்கள், உள் ஸ்பீக்கர் பேசும். பேசாவிட்டால் மூடியைத் திறந்து ஸ்பீக்கர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அதையே கழற்றி விற்றவர்கள் உண்டு.

வெளி ஸ்பீக்கரையே வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் ஒன்று. அதன் இரண்டு வயரில் எதையும் காரின் உடம்பில் எர்த் பண்ணாதீர்கள். இரண்டு முனையிலும் ஆம்பிளிஃபயர் வேலை செய்கிறது. தொழில் கற்ற புதிதில் கார் ஸ்டீரியோ பழக்கத்தில் ஒரு முனையைச் சட்டத்தில் முறுக்கிவிட்டேன். ஆடியோ ஐசி (சத்தம் தரும் சில்லு) போயிற்று, செலவு என் சம்பளத்தில் கழிந்தது.

காரை நிறுத்தினால் ரேடியோவும் அணைய வேண்டும். முன்பு அப்படித்தான் இருந்தது. (ஆயிர் ஹீத்தாம்)

பழைய கேபிள் கட்டில் இக்னிஷன் வயர் (சாவி போட்டதை ரேடியோவுக்குச் சொல்லும் வயர்) சேர்ந்து வந்திருக்கும், அதை எடுத்துவிட்டீர்கள். ஜிஎம்300-இல் அது 10-ஆம் பின். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஃபியூஸிலிருந்து அங்கே ஒரு வயர் இழுங்கள். மெயின் பவர் வயர் மட்டும் பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸோடு வரட்டும். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்காதீர்கள். 45 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

மாற்றிய பிறகு எரர் காட்டுகிறது. ஹெட் கெட்டுவிட்டதா? (நிபோங் திபால்)

அநேகமாக இல்லை. சில மாடல்களில் எந்த ஹெட், எப்படி மாட்டியிருக்கிறது என்பதை, கணினி மூலம் ரேடியோவில் பதியும் புரோகிராமிலும் சொல்லவேண்டும். உள்ளே 'ரிமோட்' என்றே பதிந்திருந்தால் முரண்டு பிடிக்கும். கை வைக்குமுன் இருக்கிற புரோகிராமைப் படித்து ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பழைய மோட்டோரோலா செட்டுகளின் மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. வேகமான புதுக் கணினியில் ஓட்டினால் எழுதும்போது பாதியில் உளறி, செட்டையே ஊமையாக்கிவிடும். இதற்காகவே என் கடை மூலையில் ஒரு கிழட்டு கணினியை வைத்திருக்கிறேன். அதை விற்கச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை.

100 வாட் செட்டையும், கென்வுட் டிஎம்-டி710 என்ற அமெச்சூர் ரேடியோவையும் இப்படி ஒன்றாக்கலாமா?

இரண்டுக்கும் வேண்டாம். 100 வாட் வகைகள் பெரும்பாலும் ரிமோட்டுக்கென்றே கட்டியவை. அந்த இரும்புப் பாளம் டேஷ்போர்டுக்குள் நுழையாது, நுழைந்தாலும் நம் வெயிலில் சூடு தாங்காது. டி710-இன் ஹெட் பாடியில் உட்காரவே செய்யாது, தனியாக வைக்கத்தான் வடிவமைத்தார்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். இப்படி மாற்றிய செட்டை மேசையில் வைத்துப் பேசலாமா? (பாயான் லெப்பாஸ்)

செட் ஓடும், நல்ல 13.8 வோல்ட் பவர் சப்ளை இருந்தால். ஆனால் எந்த அலைவரிசையில் பேசப் போகிறீர்கள்? பழைய டாக்சிக்காரர் புரோகிராமில் விட்டுப்போனது வேறொருவருக்கு ஒதுக்கியதாக இருக்கலாம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் ஒதுக்கீடு இல்லாமல் பேசுவது குற்றம். அமெச்சூர் (பொழுதுபோக்கு) ரேடியோ உரிமத்தோடு அழைப்புக்குறி வைத்திருப்பவருக்கு 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, அதிலும் அவர்தான் பேசவேண்டும், பந்தல் பையன்கள் அல்ல. உங்களுக்குத் தேவை 477 மெகாஹெர்ட்ஸ் கை வாக்கி-டாக்கி. 5 வாட்டுக்குள், சிரிம் தரச்சான்று முத்திரையோடு வாங்குங்கள், தனி லைசென்ஸ் வேண்டாம்.

கழற்றிய கேபிள் காருக்குள்ளேயே கிடக்கிறது, பவர் வயர் முனையில் டேப் சுற்றியிருக்கிறேன். அப்படியே விடலாமா? (பட்டர்வொர்த்)

கேபிள் கிடக்கட்டும். ஆனால் கார் பூட்டுக்குப் போன சிவப்பு பவர் வயரை முதலில் பேட்டரி முனையில் கழற்றுங்கள். மறுமுனையில் டேப் சுற்றியிருக்கிறேன் என்கிறீர்கள். வெயிலில் டேப் பசை இளகி வழுக்கிவிடும், வயர் போய் இரும்பில் உட்காரும். இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.