மகளின் பாட்டுக்காக வேலையை விடலாமா? அம்பத்தூர்த் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் உங்கள் 11 வயது மகள், தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டி ஒன்றுக்குத் தேர்வாகியிருக்கிறாள். அடுத்த மாதம் பூந்தமல்லி அருகே உள்ள தளத்தில் ஒளிப்பதிவு தொடங்குகிறது. அதற்காக அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் 16 ஆண்டுகளாகப் பார்த்துவரும் வேலையை நீங்களும் விட்டுவிட்டு, முழு நேரமும் அவளோடு இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்னி ஸ்பியர்ஸைப் போலச் சின்னத்திரையில் தொடங்கி உலகப் பாடகியானவர்கள் எல்லோரும் பெற்றோரின் இத்தகைய தியாகத்தால்தான் உயர்ந்தார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் பாடட்டும், போட்டிக்கும் போகட்டும். ஆனால் நீங்கள் வேலையை விட வேண்டாம். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தவும் வேண்டாம். ஒரு வீட்டின் அடுப்பு 11 வயதுப் பிள்ளையின் குரலை நம்பி எரியத் தொடங்கிவிட்டால், "இன்றைக்கு என்னால் பாட முடியவில்லை அப்பா" என்று சொல்லும் உரிமை அந்தப் பிள்ளையிடமிருந்து போய்விடும். கடிதம் இவ்வளவு நீண்டதற்குக் காரணம் இந்தக் கவலைதான்.

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1981 டிசம்பரில் பிறந்து, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கென்ட்வுட் என்ற சிற்றூரில் வளர்ந்த பிரிட்னி, எட்டு வயதில் டிஸ்னியின் 'மிக்கி மவுஸ் கிளப்' சிறுவர் நிகழ்ச்சிக்கான தேர்வுக்குப் போனார். வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அவருடைய திறமையைக் கவனித்த தேர்வாளர் நியூயார்க்கில் ஒரு முகவரை அறிமுகப்படுத்தினார். தாய் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு சில காலம் நியூயார்க்கில் தங்கினார். அங்கே பிரிட்னி கலைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார், மேடை நாடகம் ஒன்றில் முதன்மை நடிகைக்கு மாற்றாக இருந்தார், 1992-இல் தொலைக்காட்சித் திறமைப் போட்டி ஒன்றில் பாடினார். அதே ஆண்டு இறுதியில், 11 வயதில், முன்பு மறுக்கப்பட்ட அதே நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. தாயின் உழைப்பு இதில் பெரியது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் உறவினர் சொல்லாமல் விட்ட பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1994 வாக்கில் அந்த நிகழ்ச்சி நின்றுபோனபோது பிரிட்னி ஊருக்குத் திரும்பி, அருகிலிருந்த பள்ளி ஒன்றில் எல்லாப் பிள்ளைகளையும் போலப் படித்தார். 1997-இல் 15 வயதில் ஜைவ் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1998-இல் முதல் பாடல் வந்தது. 1999 ஜனவரியில் வந்த முதல் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது. முதல் தேர்வுக்குப் போன நாளிலிருந்து முதல் பாடல் வெளிவர ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதில் தொலைக்காட்சியில் தோன்றிய காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். மீதி எல்லாம் பயிற்சியும் பள்ளியும் காத்திருப்பும். திரும்பி வர ஒரு பள்ளியும், சக வயதுப் பிள்ளைகளின் கூட்டமும் இருந்ததால்தான் நிகழ்ச்சி நின்றபோது அந்தச் சிறுமியின் வாழ்க்கையும் சேர்ந்து நின்றுவிடவில்லை என்று நான் நினைக்கிறேன். அதே நிகழ்ச்சியில், பின்னாளில் புகழ்பெற்ற பாடகர்கள் ஜஸ்டின் டிம்பர்லேக், கிறிஸ்டினா அகிலேரா, நடிகர் ரையன் காஸ்லிங் ஆகியோரும் இருந்தார்கள் என்பதை எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். அவர்களோடு சேர்ந்து ஆடிப்பாடிய மற்றப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் உழைத்த பெற்றோர் இருந்திருப்பார்கள் அல்லவா?

இதே பாடகியின் பிற்கால வாழ்க்கையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2008 பிப்ரவரியில், அவருடைய உடல்நலத்தையும் சொத்தையும் நிர்வகிக்கும் அதிகாரம் நீதிமன்ற ஆணையின் மூலம் அவருடைய தந்தையிடம் அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 26 வயது. அந்த ஏற்பாடு 2021 நவம்பர் 12 வரை, 13 ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அந்தக் காலத்திலும் அவர் பாடல் தொகுப்புகளை வெளியிட்டார், லாஸ் வேகாஸில் தொடர் நிகழ்ச்சிகள் நடத்தினார். அவர் ஈட்டிய பணத்திலிருந்தே தந்தைக்கு நிர்வாக ஊதியமும் போயிற்று. 2021 ஜூனில் அவரே நீதிமன்றத்தில் பேசி, இதிலிருந்து விடுதலை வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சிறுவயதில் தொலைக்காட்சிக்குப் போனதால்தான் இது நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. பெற்றோர் ஒருவர் தம் பிள்ளையின் உழைப்பிலிருந்து ஊதியம் பெறுபவராகிவிட்டால், எது பிள்ளையின் நன்மை, எது தம் வருமானம் என்று பிரித்துப் பார்ப்பது எவ்வளவு நல்லவருக்கும் கடினமாகிவிடும் என்பதற்காகவே சொல்கிறேன். நீங்கள் மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. இந்தச் சிக்கலில் பாசம் உள்ளவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், கல்வி ஆலோசகரான என்னிடம் 14 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். பத்து வயதில் தொலைக்காட்சியில் பாடிப் புகழ்பெற்றவன்; தந்தை வேலையை விட்டு அவனுடைய கச்சேரி அழைப்புகளைக் கவனித்துவந்தார். குரல் உடையத் தொடங்கியதும் அழைப்புகள் குறைந்தன, வீட்டில் கடன் ஏறியது. என் அறையில் அந்தப் பையன் கேட்ட ஒரே கேள்வி, "எனக்குக் குரல் எப்போது திரும்ப வரும்?" என்பதுதான். அவன் பாட ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. வீட்டு வாடகையை நினைத்துக் கேட்டான். அந்தக் கேள்வியை இன்னொரு பிள்ளையின் வாயால் கேட்க எனக்கு மனமில்லை.

ஆகவே பணத்தின் ஏற்பாட்டை இப்போதே, முதல் காசோலை வருமுன்பே, செய்துவிடுங்கள். சாப்ளினின் 1921ஆம் ஆண்டுப் படத்தில் நடித்து உலகப்புகழ் பெற்ற ஜாக்கி கூகன் என்ற சிறுவன், பெரியவனாகித் தன் பணத்தைக் கேட்டபோது அதில் பெரும்பகுதியைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்திருந்தார்கள். 1938-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக மறு ஆண்டே கலிபோர்னியாவில் குழந்தைக் கலைஞரின் வருமானத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது. நம் நாட்டிலும் அத்தகைய பாதுகாப்பு உண்டு, ஆனால் பெற்றோர் பலருக்கு அது தெரிவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தமும் அதன்கீழ் 2017-இல் வந்த விதிகளும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளை கலைஞராகப் பங்கேற்பதைச் சில நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கின்றன. பாடகரும் அதில் அடக்கம். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு, நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். அவளுக்கு 18 வயது நிறைந்த பின்பே அதை எடுக்க முடியும். சட்டம் 20 என்கிறது. போக்குவரத்து, உடை, பயிற்சி ஆகியவற்றின் செலவு போக மீதி முழுவதையும் அப்படியே போட்டுவையுங்கள் என்று நான் சொல்வேன். செலவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் அவளே அதைப் புரட்டிப் பார்ப்பாள். வரியைப் பொறுத்தவரை, பிள்ளை தன் திறமையால் ஈட்டும் தொகை பெற்றோரின் வருமானத்தோடு சேராது, அவளுடைய சொந்த வருமானமாகவே கணக்கிடப்படும். ஆகவே அவள் பெயரில் பான் அட்டை வாங்கிவிடுங்கள்.

அதே விதிகளின்படி, பிள்ளையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் அழைக்கக் கூடாது. அவளுடைய விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்யவைக்கக் கூடாது. படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் தயாரிப்பாளருடையது. ஒளிப்பதிவு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற்றிருக்க வேண்டும். உங்கள் வீடு சென்னையில் இருந்தாலும் தளம் பூந்தமல்லியில் என்பதால், அது திருவள்ளூர் மாவட்ட ஆட்சியரைச் சேர்ந்தது. அந்த அனுமதியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். முறையாக நடத்துபவர்கள் இதைக் கேட்ட உடனே எடுத்துக் கொடுப்பார்கள். கொடுக்கத் தயங்குபவர்களிடம் பிள்ளையை விடுவதற்கு நீங்கள்தான் தயங்க வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில், "கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் பெரிய கவலை தருகிறது. 18 வயது நிறையாதவர் நம் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. ஆகவே அவள் சார்பில் நீங்கள்தான் கையெழுத்திடுவீர்கள், அவள் அதன் விளைவோடு வாழ்வாள். நிகழ்ச்சி முடிந்தபின் எத்தனை ஆண்டுகள் வேறு இடத்தில் பாடக் கூடாது என்று கட்டுப்படுத்துகிறார்கள், ஒளிப்பதிவான பாடல்கள் யூடியூபில் ஈட்டும் பணம் யாருக்கு, வெளிக் கச்சேரிகளின் சன்மானத்தில் அவர்கள் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்ற மூன்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம் வீணாகாது.

இனிப் பயிற்சி. மகள் ஐந்து ஆண்டுகளாகக் கர்நாடக இசை கற்கிறாள் என்றும், போட்டிக்காக அதை நிறுத்திவிட்டுத் திரைப்பாடல்களை மட்டும் பழக வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மீண்டும் ஆசிரியரிடம் அனுப்புங்கள். வளர்ந்த பாடகியரின் உச்சஸ்தாயிப் பாடல்களை 11 வயதுத் தொண்டை நாள்தோறும் பல மணி நேரம் தாங்காது. பருவ வயதில் ஆண் பிள்ளைகளின் குரல் உடைவதை எல்லோரும் அறிவார்கள். பெண் பிள்ளைகளின் குரலும் அந்த வயதில் மாறுகிறது, சத்தமில்லாமல் மாறுவதால் யாரும் கவனிப்பதில்லை. தொண்டைக் கட்டு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், கஷாயத்தோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவளுக்குச் சொந்தமாக மெட்டமைக்கும் ஆர்வம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அமெரிக்கப் பாடகி ஒலிவியா ரோட்ரிகோ 2016-இல் டிஸ்னி தொடர் ஒன்றில் நடிக்க வந்தபோது அந்தப் பாத்திரத்துக்காகக் கிட்டார் கற்றுக்கொண்டவர். 2021 ஜனவரியில் 17 வயதில் உலகெங்கும் ஒலித்த அவருடைய முதல் பெரிய பாடலை அவரே இணைந்து எழுதினார். 2022-இல் மூன்று கிராமி விருதுகள் பெற்றார். பிறர் பாடலை அழகாகப் பாடும் பிள்ளைக்கும், தன் பாடலைத் தானே ஆக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தொழிலில் பெரிய வேறுபாடு உண்டு. நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் (ராயல்டியில்) தம் பங்கை இழக்காதபடி காக்கிறது. பாடகருக்கும் உரிமத்தொகை பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆகவே ஒரு கீபோர்டும், வாரம் ஒருமுறை மேற்கத்திய இசைக் குறியீட்டு வகுப்பும், புதிய பட்டுப்பாவாடைகளைவிட நல்ல முதலீடு.

பள்ளியை விட்டு நிறுத்தக் கூடாது என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இசையையே தொழிலாகக் கொள்ள நினைத்தாலும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் அவளுக்குத் தேவைப்படும். ராணி மேரிக் கல்லூரியில் இசைப் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் நம் நகரிலேயே இருக்கிறது, ஏ.ஆர்.ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக்கூடத்தில் மேற்கத்திய, இந்துஸ்தானி இசைகளை முறையாகக் கற்கலாம். பாட்டைவிட ஒலிப்பதிவில் மனம் போனால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி இருக்கிறது. போட்டி நடக்கும் மாதங்களுக்கு மட்டும் தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். ஆறாம் வகுப்பில் பெரும்பாலான பள்ளிகள் இசைவார்கள். பொதுத்தேர்வு வகுப்புகளில் வருகைப் பதிவு கண்டிப்பாக இருக்கும் என்பதால், அந்த ஆண்டுகளில் இதுபோன்ற போட்டிகளை ஏற்க வேண்டாம்.

அவளோடு தளத்துக்கு யார் போவது என்பதற்கும் ஒரு வழி தோன்றுகிறது. ஒளிப்பதிவு நாட்களின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, உங்கள் ஈட்டிய விடுப்பையும் உங்கள் மனைவியின் நேரத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள்; பாட்டி உடன் போகக்கூடுமென்றால் இன்னும் நல்லது. முதல் சுற்றிலேயே அவள் வெளியேறிவிடவும் கூடும். அன்றைக்கு வீடு திரும்பும்போது உங்கள் முகத்தில் இழப்பின் சாயல் துளியும் தெரியக் கூடாது. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தால்தான் அது உங்களால் முடியும்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் அலுவலகத்துக்கு மகளோடு வாருங்கள். கையெழுத்திடாத ஒப்பந்தத்தையும் அவளுடைய பள்ளி மதிப்பெண் அட்டையையும் எடுத்து வாருங்கள். அவளோடு நான் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும்; யாரும் பார்க்காத நேரத்தில் அவள் என்ன பாட்டை முணுமுணுக்கிறாள் என்று கேட்க வேண்டும். அதுவரை நீங்களும் உங்கள் மனைவியும் வெளியறையில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்